வண்டில் நின்ற இடங்கள்



மேனாட்டுக் கதைகளைப் படிக்கும் என் மாணவர்கள் ‘இலையுதிர் காலம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் சற்றுத் தயங்குவார்கள். “நம்மட ஊரில அது எந்த மாசம், சேர்?” என்று ஒருவன் கேட்டான். மேற்கே இலை உதிரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நம் இலக்கண நூலார் கூதிர் காலம் என்றனர். நம் கரையில் அது இலை உதிரும் காலமன்று. பச்சை பிறக்கும் காலம். கச்சான் காற்று ஓய்ந்து வாடை புகும். கரைவலைத் தோணிகள் கரையேறும். பெரும்போக விதைப்பு முடிந்த வயல்களில் முளை தெரியும்.

அந்த மாதங்களில் கடலோரச் சாலைகளில் ஆறுதலாகப் பயணம் செய்வதை மேனாட்டார் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நம் முன்னோருக்கு அது கலையன்று. அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அந்த வழியின்மை நமக்கு எதைத் தந்தது, வேகம் வந்தபின் நாம் எதை இழந்தோம் என்பதே இன்றைய பேச்சு.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை செல்லும் வீதியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் முதலில் வாவி, பின்னர் வயல். மழைக்காலத்தில் இது வீதி என்பதைவிட நீரைக் கடக்கும் வரிசை என்பதே பொருத்தம். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்படும் முன்னர் மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே வருவதற்கே வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. புகையிரதம் 1928இல் மட்டக்களப்பை எட்டியது. அதற்குத் தெற்கே தண்டவாளம் வரவேயில்லை. ஆகவே, பஸ் வண்டிகள் பெருகும்வரை இக்கரையின் வேகம் மாட்டின் வேகந்தான்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். வாவியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை அங்கு ‘பாதை’தான். பாதை என்றால் நாம் நடப்பது என்று அகராதி சொல்லும். எங்கள் ஊர்ப் பாதையோ தானே நகர்ந்து வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும். அது அக்கரையிலிருந்து திரும்பிவரும்வரை காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

ஊர்ப்பெயர்களும் நீரின் கதையையே சொல்கின்றன. கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாலமுனை என்று எத்தனை முனைகள்! ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில் என்று எத்தனை வில்கள்! சம்பான்கள் வந்து தரித்த துறையே சம்மாந்துறை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. இன்று அதைச் சுற்றி வயல்வெளிதான். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இக்கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிருந்து தெற்காக எண்ணிவந்தால், தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறி வாழும் ஊர்களின் கோவை அது. ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்ற எங்கள் பழமொழி எவரோ மேடையில் உண்டாக்கியதன்று. இந்த வீதியின் அமைப்பே அது. தாய்வழி வரும் குடிமுறையும் இரு சாராருக்கும் பொதுவானது.

சாய்ந்தமருதில் தொண்ணூறை எட்டிய ஒரு காக்காவைச் சந்தித்தேன். வாலிபத்தில் வண்டில் ஓட்டியவர். திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் ஏற்றியதையும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குத் தமிழாக்களைக் கூட்டிவந்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். மாடு அவிழ்க்கும் இடங்கள், தண்ணீர் அள்ளும் கிணறுகள், இரவு தங்கும் வளவுகள் எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். பாதி வளவுகள் தமிழருடையவை.

“சேர், அப்ப மாடு களைச்சா மனிசனும் நிண்டான். நிண்டா கதை வரும். கதை வந்தா சோறு வரும். இப்ப ஆருக்கு நிக்க நேரம்?”

இலக்கியமும் அப்படி நின்று பேசியதில் வளர்ந்ததுதான். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் (1931–1975) இக்கரையின் கமத்தொழிலை ‘வேளாண்மை’க் காவியமாக்கினார். அவரது நட்பு வட்டத்தில் கல்முனைக்குடியின் எம்.ஏ.நுஃமானும் மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் இருந்தனர். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சமாதி கொண்டுள்ளார். பிறந்த மண்ணையும் அடங்கிய மண்ணையும் இணைப்பது இதே வீதிதான்.

பிறகு வீதி மாறியது. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் மூண்ட தீயும் 1990இன் கொலைகளும் இரு சாராரையும் சுட்டன. அப்போது எனக்குப் பத்து வயது. பஸ்ஸில் சில ஊர்கள் வந்தால் அம்மா என் தலையை மடியில் அமர்த்திவிடுவார். அந்தப் பக்கத்துத் தாய்மாரும் வேறு சில ஊர்களில் அப்படியே செய்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது, நான் நின்ற இடத்தில் ஓடிவந்தவர்களை எவரும் ‘எந்த ஊர்’ என்று கேட்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்ததும் கேள்வி திரும்பிவிட்டது.

போர் 2009இல் முடிந்தது. இன்று காபட் வீதி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குள்ள ஏறக்குறைய 40 கிலோமீற்றரும் ஒரு தூக்கத்தில் முடிந்துவிடும். அச்சத்தால் நிற்காதிருந்தோம், இப்போது அவசரத்தால் நிற்பதில்லை.

சென்ற ஐப்பசியில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவரைப் பெரியநீலாவணையிலிருந்து காரைதீவுவரை நடத்தியே கூட்டிச் சென்றேன். பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். ஐவரும் நாள்தோறும் மருதமுனையைப் பஸ்ஸில் கடப்பவர்கள். ஒருவனாவது அங்கு ஒருநாளும் இறங்கியதில்லை. அதைக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர்களுக்குத் தமிழ் கற்பிப்பவன் நானல்லவா?

மருதமுனையில் மழை பிடித்துக்கொண்டது. தறிச்சத்தம் கேட்ட ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அந்த வீட்டு ராத்தா எங்களை உள்ளே இருத்தி, பிளேன்டீ தந்து, பொடியன்மாரிடம் ஊர் உறவெல்லாம் விசாரித்தார். வார்த்தைக்கு வார்த்தை ‘மறுகா, மறுகா’ என்று கதையை வளர்த்தார். மழை விட ஒரு மணித்தியாலம் சென்றது.

மீண்டும் வீதிக்கு வந்ததும் ஒரு மாணவன் மெல்லச் சொன்னான்: “எங்கட அம்மாச்சி கதைக்கிற மாதிரியே கதைக்கிறாங்க, சேர்.”

பதினெட்டு வயதில் அவன் அதைக் கண்டுபிடித்தான். நான் பாடப்புத்தகத்தில் கற்பிக்காததை அந்த ஒரு மணி நேர மழை கற்பித்தது.

நேயர்களே, அடுத்த மாரியில் இந்த வீதியால் போக நேர்ந்தால், நீங்கள் ஒருநாளும் இறங்காத ஓர் ஊரில் ஒருமுறை இறங்குங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது.