ஊதியம் பெறாத தேர்தல் தொண்டர்கள்

சட்டமன்றத் தேர்தல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேட்பாளர் பெயர், கட்சி, சின்னம், பெற்ற வாக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வர். இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாக்காளனை வீட்டுத் திண்ணையிலிருந்து எழுப்பி வாக்குச்சாவடி வாயில்வரை கொண்டுசேர்த்தவர் யார் என்னும் வினாவுக்கு அவ்வேடுகளில் விடை கிடையாது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் என்று மேற்குமலையின் அடிவாரத்தில் வரிசையாய் அமைந்த நம் ஊர்களில் அத்தகையோர் இல்லாத தெரு இல்லை. கூலி வாங்காமல், பதவி நாடாமல், தாம் முற்போக்கானது என்று நம்பிய ஓர் அணிக்காக வீதி வீதியாய் நடந்தவர்கள் அவர்கள். அவர்தம் பணி எத்தகையது, அது எவ்வாறு வளர்ந்து எவ்வாறு தேய்ந்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

அரபியில் ‘ஸவ்த்’ என்றால் குரல். இக்கால அரபியில் தேர்தலில் அளிக்கும் வாக்குக்கும் அதுவே பெயர். தமிழிலோ ‘வாக்கு’ என்பது சொல். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவதையும் வாக்குக் காத்தல் என்கிறோம். குரல் என்றாலும் சொல் என்றாலும் அது வாயிலிருந்து வரவேண்டும். அந்தக் குரல் நம் நாட்டில் எளியோர் வாய்க்கு வந்தது மிக அண்மையில்தான். 1935ஆம் ஆண்டின் சட்டப்படி சொத்தோ, வரியோ, கல்வியோ உடைய சிலரே வாக்காளர். 1946இல் நடைபெற்ற மாகாணத் தேர்தலில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. அவற்றில் முஸ்லிம் லீக் பெருவெற்றி ஈட்ட, நெல்லைப் பேட்டையில் பிறந்த மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். ஆனால் தறி நெய்பவரும் வயலில் நடுபவரும் அத்தேர்தலைப் பார்த்திருந்தவர்களே அன்றிப் பங்குகொண்டவர்கள் அல்லர்.

1952 ஜனவரியில் நிலைமை மாறிற்று. தனித் தொகுதிகள் மறைந்தன. 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்காளர் ஆயினர். அந்தத் தேர்தலிலும் அதனையடுத்த 1957ஆம் ஆண்டுத் தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தது. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் எதுவும் குறியிடாமல் விருப்பமான பெட்டியில் போடவேண்டும். முத்திரை குத்தும் முறை பொதுத் தேர்தலுக்கு வந்தது 1962இல்தான். ஆகவே முதல் தொண்டர்களின் முதல் வேலை, எழுத்தறியாத மக்கள் தம் பெட்டியைப் பிழையின்றி அறிந்துகொள்ளச் செய்வதாயிற்று. அது பிரசாரம் என்பதைவிடப் பாடம் சொல்லுதல் எனத் தகும்.

பெண்கள் நிலை இதனினும் கடினம். தம் பெயரைச் சொல்ல நாணி, ‘இன்னாரின் தாய்’, ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டுமே சொன்ன காரணத்தால், முதல் தேர்தலில் நாடெங்கும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வடமாநிலத்தவர். எனினும் அந்த நாணம் நம் தெருக்களுக்கு அந்நியமானதன்று. பிள்ளையின் பெயரைச் சொல்லி ‘இன்னாருடைய உம்மா’ என்று அழைப்பதே வழக்கமான வீடுகளில், அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டுப் பட்டியலில் ஏற்றுவதற்கு அத்தெருவிலேயே பிறந்த ஒருவர் வேண்டும். வெளியூர்ப் பேச்சாளரால் இயலாத காரியம் அது.

இன்னொரு புதுமையையும் சொல்லவேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. தென்காசி வாக்காளர் சென்னைக்கு உறுப்பினரை அனுப்ப, சில கல் தொலைவிலிருந்த செங்கோட்டை வாக்காளர் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினர். ஒரே சந்தையில் காய்கறி வாங்கியோர் இரு வேறு சட்டமன்றங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தனர்!

தொண்டரின் ஆற்றல் என்ன என்பதை அறிய 1952இன் மதுரையைப் பார்த்தல் நன்று. அவ்வாண்டு சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களைப் பெற்றது. அக்கட்சியின் பி. இராமமூர்த்தி மதுரை வடக்குத் தொகுதியில் சிறையிலிருந்தவாறே வென்றார். வேட்பாளர் ஒரு தெருவிலும் கால் வைக்கவில்லை. கைகூப்பி ஒருவரையும் வணங்கவில்லை. நடந்ததெல்லாம் அவருக்காக நடந்தவர்களின் கால்களே. அவர் கொள்கையை நாம் ஏற்காமற் போகலாம். அந்தக் கால்களை மறுக்க இயலாது.

அதன்பின் திராவிட முன்னேற்றக் கழகத்தின் காலம். 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம், 1967இல் 137 இடம் என்று அது ஏறியதற்கு அண்ணாவின் நாவன்மை ஒரு காரணம்; படிப்பகங்கள் மற்றொரு காரணம். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் தையற்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பர். வேலையை நிறுத்தாமலே கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. கையால் பீடி சுற்றுவோருக்கும் தறியில் அமர்ந்தோருக்கும் வேறு பள்ளிக்கூடம் அக்காலத்தில் எங்கே இருந்தது?

முற்போக்கு என்னும் சொல்லை ஈண்டுச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். 1967இல் கழகத்தோடு மார்க்சிஸ்டுகளும் இருந்தனர், இராஜாஜியின் சுதந்திராக் கட்சியினரும் இருந்தனர், முஸ்லிம் லீகும் இருந்தது. எதிர்த்தரப்பில், பள்ளிகளைத் திறந்து பிள்ளைகளுக்கு மதிய உணவிட்ட காமராசரும், அவரை ஆதரித்த பெரியாரும் நின்றனர். இவ்விரு தரப்பில் முற்போக்கு எது என்று கேட்டால் ஒவ்வொரு தொண்டரும் தம் தரப்பையே காட்டியிருப்பார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்திருக்கும். ஆதலின் அச்சொல்லை ஒரே கட்சிக்கு எழுதிக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. அரிசி விலையும் மொழிப் போராட்டத்தின் நினைவும் அவ்வாண்டில் தீர்ப்பளித்தன. விருதுநகரில் சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் காமராசர் 1,285 வாக்கில் தோற்றார்.

தென்காசிக்கு 1971இன் தேர்தல் தனிச் சுவையுடையது. கழகத்தின் சார்பில் வென்றவர் சம்சுதீன் என்ற கதிரவன். ‘ஷம்ஸ்’ என்றால் அரபியில் சூரியன். ‘ஷம்சுத்தீன்’ மார்க்கத்தின் சூரியன். கதிரவனும் சூரியனே. சின்னமோ உதயசூரியன்! இம்மூன்றும் ஒருவரிடத்தில் கூடியதை அரபும் தமிழும் கற்றோர் எண்ணி மகிழாதிருக்க முடியுமா? பெயர் விளையாட்டு ஒருபுறமிருக்க, காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் நிழலில் அமைந்த ஊர் ஒரு முஸ்லிமைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது என்பதே வரலாற்றில் பொறிக்கத்தக்கது. பின்னர் 1989இல் அவரே கடையநல்லூரிலும் வென்றார்.

இனி அந்தப் பணிக்கு வருவோம். மேடை ஒரு மாலைக்கு உரியது. தொண்டு பல மாதங்களுக்கு உரியது. வாக்காளர் பட்டியலை வாங்கிவந்து தெருவாரியாகப் பிரித்து, இறந்தோரையும் குடிபெயர்ந்தோரையும் குறித்து, வயது நிரம்பியும் பெயர் ஏறாதவரைத் தேடி விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதில் அது தொடங்கும். பின்னர்ச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிச் சின்னம் வரைதல். இரவில் மைதாப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டுதல். இறுதி வாரத்தில் ‘பூத் சிலிப்’ எழுதுதல்: பாக எண், வரிசை எண், பெயர், சாவடி என்று ஆயிரக்கணக்கில் எழுதவேண்டும். கையெழுத்து நன்றாக அமைந்தவர்க்கு அந்நாட்களில் உறக்கமில்லை. அச்சீட்டைக் கொடுக்க வீடு வீடாய்ச் செல்லும்போதுதான் உண்மையான உரையாடல் நிகழும். வீட்டார் தம் குறையைச் சொல்வது அந்த வாசற்படியில்தான். அண்மைக் காலத்தில் தேர்தல் ஆணையமே சீட்டை வழங்கத் தொடங்கியது நல்லதே. ஆனால் அவ்வுரையாடலை ஆணையம் வழங்க இயலாது.

வாக்குப்பதிவு நாளன்று வாக்காளரை வாடகை வண்டியில் ஏற்றிச் செல்லுதல் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைகேடு. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பதும் குற்றம். ஆதலின் முதியோரோடு தாமும் நடந்து, அந்த எல்லை வந்ததும் விலகி நிற்பார் தொண்டர். உள்ளே முகவராய் அமர்ந்தவருக்கு வேறு கவலை. வந்தவர் உரியவர் அல்லர் என்று ஆட்சேபிக்க வேண்டுமானால் 2 ரூபாய் கட்டவேண்டும் என்கிறது 1961ஆம் ஆண்டு விதி. அது அக்காலத்தில் ஏறக்குறைய ஒரு நாட்கூலி. வாக்களிக்க வருபவருக்கும் இழப்பு உண்டு. வேலை செய்வோர்க்கு அன்று ஊதியத்துடன் விடுமுறை என்னும் விதி 1996இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. நெய்த முழத்துக்கும் சுற்றிய பீடிக்கும் கூலி பெறுவோர்க்கு ஓர் அரை நாளின் விலை என்ன என்பதை அவ்வீட்டாரே அறிவர். ‘ஓட்டுப் போட்டு எங்களுக்கு என்ன?’ என்று கேட்டவருக்குப் பொறுமையாய் விடை சொல்லியாகவேண்டும், சொன்னார்கள்.

இத்தொண்டு தேய்ந்ததற்குப் பணமே முதற்காரணம் என்பேன். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரே வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் பெயராயிற்று. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் புழக்கத்தின் காரணமாகத் தேர்தலே தள்ளிவைக்கப்பட்டது. உறையோடு ஒருவர் வந்து போன வாசலில், வெறுங்கையோடு வரும் தொண்டரை யார் நின்று கேட்பர்? கொடி பிடிக்கவும் கூட்டத்துக்கு வரவும் நாட்கூலி என்றானபின், கூலி வாங்காதவரை ஐயத்தோடு பார்க்கும் காலமும் வந்துவிட்டது.

குற்றாலம் இதில் ஒரு வேடிக்கையையும் கண்டது. 2018 அக்டோபரில், தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் பலர் தீர்ப்பை எதிர்நோக்கிக் குற்றாலத்து விடுதியில் தங்கினர். அருவிக்கரைக்கு அவர்கள் வந்தனர். அவர்களுக்காக வெயிலில் நடந்தவர்கள் தத்தம் ஊரில் இருந்தனர்.

ஆயினும் அந்த நடை வீண் என்று எண்ணவேண்டா. 2016இல் கடையநல்லூரில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முஹம்மது அபூபக்கர் வென்றது 1,194 வாக்கு வேறுபாட்டில். 2021இல் தென்காசியில் காங்கிரசின் பழனி நாடார் பெற்றவை 89,315. அடுத்து வந்தவர் பெற்றவை 88,945. வேறுபாடு 370. இரண்டு இலட்சத்துக்கு மேல் வாக்குப் பதிவான தொகுதியில், சாவடிக்கு இரண்டு வாக்குக்கூடத் தேறாத கணக்கு இது: ஒரு சாவடியில் ஒரு முதியவரும் அவர் மனைவியும் வீட்டிலேயே இருந்துவிடுவதற்கும் எழுந்து வருவதற்கும் உள்ள இடைவெளி. 2023 ஜூலையில் நீதிமன்ற ஆணைப்படி அத்தொகுதியின் அஞ்சல் வாக்குகளை மீண்டும் எண்ணிப் பார்த்தனர், வென்றவர் மாறவில்லை.