காயப்போட்ட துணியும் ஆகாயமும்

திருப்பூரில் கோரா பனியன் துணியைத் தொட்டியில் வெளுத்து, அலசிப் பிழிந்து, வெளிக்களங்களில் கயிறு கட்டி வெயிலில் உலர்த்திய காலத்தில், சலவைப்பட்டறை மேஸ்திரிகள் சித்திரையிலும் வைகாசியிலும் கடிகாரத்தைக் காட்டிலும் ஆகாயத்தையே அதிகமாகப் பார்த்தார்கள். உச்சிப்பொழுது வரை கண் கூச வெயில் காய்ந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் சட்டென்று திரண்டு, புழுதிக் காற்றை முன்னே ஏவி, அரைமணி நேரம் கொட்டி ஓய்வது கோடை மழையின் சுபாவம். ஈரத்துணியில் புழுதி படிந்துவிட்டால் அந்த நாளின் உழைப்பு முழுவதும் மறுபடியும் தொட்டிக்குத்தான் போகும். அதே மழைக்காகப் பல்லடத்து மானாவாரிக்காரர் கோடை உழவுக்கு ஏர் பூட்டிக் காத்திருப்பார். வெடித்த காயைப் பறிக்காமல் விட்டிருந்த கம்போடியா பருத்திக்காரரோ, பஞ்சு கறைபடுமே என்று அதற்கு அஞ்சுவார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நெசவாளியும் அஞ்சுகிறவர் பக்கம்தான். இத்தனை பேருடைய பிரார்த்தனைகளையும் ஒருங்கே கேட்டருள எந்தத் தெய்வத்தால்தான் இயலும்!

வருங்கால வானத்தை அறிவதற்கு இப்பிரதேசத்தில் இரண்டு சம்பிரதாயங்கள் இருந்தன. ஒன்று பஞ்சாங்கம். சித்திரை முதல் நாளில் கோயிலில் அதைப் படிக்கும்போது, அவ்வருஷத்து மேகம் இன்னது, மழை இத்தனை மரக்கால், அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று பங்கிட்டுச் சொல்வார்கள். சூரியன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதற்பாதம் வரை சஞ்சரிக்கும் நாட்கள், அதாவது சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அக்னி நட்சத்திரம் என்று வகுக்கப்பட்டிருந்தன. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாட்களின் மேகத்தையும் பனியையும் காற்றையும் குறித்துவைக்கும் கர்ப்போட்டக் கணக்கும் உண்டு. வராஹமிஹிரரின் பிருஹத் சம்ஹிதை, மேகம் கருக்கொண்ட 195-ஆம் நாளில் மழை பிறக்கும் என்கிறது. மார்கழிக் கரு ஆனிக் கடைசியிலோ ஆடியிலோதான் பிறக்கும் என்றால், சித்திரை மாதத்துக் களத்தில் நிற்பவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

மற்றொன்று கண்ணால் காணும் குறி. தட்டான் தாழப் பறப்பதும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதும், காற்று திடீரென்று அடங்கிப் புழுங்குவதும் துணியைச் சுருட்ட அவகாசம் தந்தன. ஆனால் சில நாழிகைக்கு மேல் தரவில்லை. பஞ்சாங்கம் வருஷத்தைச் சொல்ல, எறும்பு நாழிகையைச் சொல்ல, இடைப்பட்ட நாலைந்து நாட்களைச் சொல்ல ஒருவருமில்லை. ஒரு பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கும் முதலாளிக்கு வேண்டியிருந்தவை அந்த நாட்கள்தாம்.

சென்னையில் 1792-இலேயே வானாராய்ச்சிக் கூடம் அமைந்துவிட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறையும் தோன்றிற்று. ஆயினும் பயிர்செய்வோனைக் கருத்தில் கொண்ட ஆராய்ச்சி, புனாவில் 1932-இல் ஏற்பட்ட வேளாண் வானிலைப் பிரிவோடுதான் வேர்கொண்டது. அதை நடத்திய எல். ஏ. ராமதாஸ், கோடை முதிர்ந்ததும் திருப்பூரின் மேல் காற்றை ஏவும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், பாலக்காட்டிலேயே பிறந்தவர் என்பதை நினைக்கையில் எனக்கு ஒரு சந்தோஷம். 1945 முதல் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை வானொலியில் ஒலிக்கலாயிற்று. அதுவும் நாளைக்கும் மறுநாளைக்கும் அப்பால் அதிகம் செல்லவில்லை; உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம் என்று முடித்துக்கொள்ளும். அந்த ஓரிரு இடங்களில் அவிநாசி ரஸ்தாவும் ஒன்றா என்பதைத் துணியின் சொந்தக்காரர் தம் அனுபவத்தால்தான் ஊகிக்க வேண்டும்.

சில நாட்களுக்குரிய கணிப்புக்கென்றே டில்லியில் 1988-இல் ஒரு தேசிய மையம் நிறுவப்பட்டது. 2008 ஜூன் முதல் தேதியிலிருந்து மாவட்டந்தோறும் ஐந்து நாள் முன்னறிவிப்பு வெளிவரத் தொடங்கிற்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் செவ்வாயும் வெள்ளியும் அதைப் பயிர் யோசனைகளோடு சேர்த்து வழங்கலாயிற்று. மழை இத்தனை மில்லிமீட்டர், உஷ்ணம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, ஆகாயத்தை எட்டுப் பங்காக்கினால் மேகம் எத்தனை பங்கு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அப்போது திருப்பூர் மாவட்டமே பிறந்திருக்கவில்லை. அது 2009 பிப்ரவரியில் வந்தது.

விசித்திரம் என்னவென்றால், இத்தனை தலைமுறை காத்திருந்த ஐந்து நாள் கணக்கு கைக்கு எட்டியபோது, ஏற்றுமதி வியாபாரம் பெருகி, துணி களத்தை விட்டு டிரையருக்குள் போயிருந்தது. நொய்யல் ஆற்றில் கலந்த கழிவுநீருக்காகச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னர், சுத்திகரிப்பு நிலையங்களில் எஞ்சும் உப்புநீரையும் ஆவியாக்கும் இயந்திரங்களே வற்றச் செய்கின்றன. துணிக்கும் வெயில் வேண்டாம், கழிவுக்கும் வேண்டாம் என்று ஆயிற்று.

ஆனால் கணவாய்க் காற்று வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது. மேற்குமலையில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வந்து, களத்துத் துணியைப் பறித்துக்கொண்டு ஓடிய அதே காற்று, கேத்தனூரிலும் பூளவாடியிலும் காற்றாலைகளைச் சுழற்றி மில்களின் மின்கட்டணத்தைக் குறைக்கிறது. காற்றாலை வைத்திருப்பவர் ஐந்து நாள் அறிக்கையில் மழை வரியைத் தாண்டிப்போய்க் காற்றின் வேகத்தையும் திசையையும் பார்க்கிறார். வைகாசியில் ஒருநாள் அந்த வரியில் தென்மேற்கு என்று வந்து, மறுநாளும் அதுவே நிலைத்துவிட்டால், ஆலைக்கு எண்ணெய் போட ஆளை அனுப்பிவிடுவார்.