தொடக்க ஆட்டக் கணக்கு (கல்லூரிக் கூடைப்பந்து)

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், நவம்பரில் பருவம் தொடங்கியதும் நடக்கும் முதல் ஐந்து, பத்து ஆட்டங்களின் எண்களைக் கொண்டு ஒரு வீரர் எவ்வளவு தூரம் வளர்வார் என்று எடைபோடும் முறை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஓர் அணி மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு முன் ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் ஆடும். டிசம்பர் முதல் வாரத்தில் கையில் இருப்பது அதில் ஏறக்குறைய கால்வாசிதான். ஆனாலும் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அப்போதே பட்டியல் போடுகிறார்கள்.

வரலாறு

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, நாடு முழுவதற்குமான கணக்கு என்று ஒன்று இருக்கவில்லை. என்.சி.ஏ.ஏ. 1947-48 பருவத்தில்தான் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் தொகுக்கத் தொடங்கியது. ரீபவுண்டு (தவறிய வீச்சில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 1950-51இல் சேர்ந்தது. அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பந்துக் கடத்தல்) நிலையாக இடம்பெற்றது 1983-84இல். எதிராளியின் வீச்சைத் தட்டித் தடுப்பதும், பந்தைப் பறிப்பதும் 1985-86 முதல்தான் கணக்கில் ஏறின. அதனால், சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 1956 ஆண்டுகளில் பட்டம் வென்று கொடுத்த பில் ரஸ்ஸல் கல்லூரியில் எத்தனை வீச்சுகளைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. தடுப்பாட்டத்தை வைத்தே ஆட்டத்தின் போக்கை மாற்றிய ஒருவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது. மூன்று புள்ளிக் கோடு 1986-87இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து, 2008-09இலும் 2019-20இலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆகவே இரு தலைமுறை வீரர்களின் வீச்சு விழுக்காட்டை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது.

எண்களைவிட அதிகம் மாறியது கால அவகாசம். 1972-73க்கு முன் முதலாண்டு மாணவர்கள் பொதுவாகக் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. தனியே ஒரு முதலாண்டு அணி இருக்கும். 1965 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வில் அப்படிப்பட்ட முதலாண்டு அணி, தொடர்ந்து இருமுறை தேசியப் பட்டம் வென்றிருந்த தன் கல்லூரியின் முதன்மை அணியையே 75-60 என்று வீழ்த்தியது. லூ ஆல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல் ஜபார்) அன்று 31 புள்ளிகளும் 21 ரீபவுண்டுகளும் எடுத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் முதன்மை அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் 56 புள்ளிகள். பயிற்சியாளர் ஜான் வுடனுக்கு அது புதிர் அல்ல. ஓராண்டு முழுக்கப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பையன். நிதானமாகப் பார்க்க இடம் கொடுத்த அந்த ஏற்பாடு நீங்கியதும், முதல் சில ஆட்டங்களே முதல் சான்று என்றாயிற்று. பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்து, அந்த ஆண்டுக்குள் 19 வயது நிறைந்தால்தான் தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ.வின் தேர்வில் நுழையலாம் என்ற விதி 2006இல் வந்த பிறகு, பெரிய திறமைசாலிகள் பலர் கல்லூரியில் ஆடுவதே ஒரே ஒரு பருவம்தான்.

கணக்கு

உண்மையில் நூற்றுக்கு 35 வீச்சுகளைக் கூடைக்குள் போடக்கூடிய ஒருவர், பருவத் தொடக்கத்தில் 40 முறை மூன்று புள்ளிக்கு எறிகிறார் என்று கொள்வோம். 14 விழ வேண்டும். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது 8 வரை இறங்கலாம், 20 வரை ஏறலாம். அதாவது, அதே கை 20 விழுக்காடாகவும் தெரியும், 50 விழுக்காடாகவும் தெரியும். இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது சராசரியை நோக்கி இழுப்பது. 35 விழுக்காடு கொண்ட 100 கற்பனை வீச்சுகளை அவர் கணக்கில் சேர்த்தால், 40க்கு 20 போட்டவரின் மதிப்பு 50 அல்ல, ஏறக்குறைய 39 விழுக்காடு.

இம்முறையின் வேர் புள்ளியியலாளர் சார்ல்ஸ் ஸ்டெய்ன் 1956இலும், வில்லர்ட் ஜேம்ஸுடன் சேர்ந்து 1961இலும் வெளியிட்ட கணிதத்தில் இருக்கிறது. பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் இருவரும் 1970 பேஸ்பால் பருவத்திலிருந்து 18 மட்டையாளர்களின் முதல் 45 வாய்ப்புகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். பொதுச் சராசரியை நோக்கி இழுத்த மதிப்பு, 18 பேரில் 15 பேருக்கு உண்மைக்கு நெருக்கமாக வந்தது. பொய்த்தவர்களில் ஒருவர் ராபர்டோ கிளெமெண்டே. தொடக்கத்தில் .400 மட்டைச் சராசரி எடுத்திருந்த அவரை அக்கணக்கு .290க்கு இறக்கியது, எஞ்சிய பருவத்தில் அவர் அடித்ததோ .346. கூட்டத்துக்குப் பொருந்தும் விதி, கூட்டத்தில் தலைசிறந்தவரைத்தான் குறைத்து மதிப்பிட்டது. தேர்வாளர் தேடி அலைவதும் அந்த ஒருவரைத்தானே.

ஓரிரு ஆட்டங்களின் எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதை ஸ்டீஃபன் கரியின் தொடக்கம் பக்கத்தில் நின்று காட்டுகிறது. 2006 நவம்பரில் டேவிட்சன் கல்லூரிக்காக, கிழக்கு மிச்சிகனுக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்தில் 15 புள்ளிகள் எடுத்தார். பந்தை எதிரணியிடம் விட்டுக் கொடுத்தது 13 முறை. ஒல்லியான முதலாண்டுப் பையன், கிட்டத்தட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தவறு. அதைக் கண்டு பயிற்சியாளர் பாப் மெக்கிலாப் அவரை உட்கார வைத்துவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள். இரண்டின் சராசரி 23.5, பருவ முடிவில் நின்றது 21.5. தனித்தனியே பார்த்தால் இரு ஆட்டங்களுமே ஆளைத் தவறாகக் காட்டியிருக்கும்.

ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் வீச்சு) விழுக்காடு ஓரளவு நம்பத்தகுந்தது. தூரம் மாறாது, மறிப்பவர் இல்லை. எறியும் திறமையை அறிய மூன்று புள்ளிக் கணக்கோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதுவும் எப்போதும் உதவாது: வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து 2006 டிசம்பரில் ஓஹையோ ஸ்டேட் அணிக்கு ஆட வந்த கிரெக் ஓடன், ஃப்ரீ த்ரோக்களை இடது கையால் எறிந்தார். எண்ணுக்கு எந்தக் கை என்று தெரியாது.

எதிரணி

நவம்பரில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளைப் பணம் கொடுத்து அழைத்து ஆடும். அந்த ஆட்டங்களில் குவியும் புள்ளிகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொடக்க எண்களை மட்டும் நம்பாமல், வானிலையாளராக இருந்த கென் பாமராய் தன் அணித் தரவரிசையில் பருவத்துக்கு முந்தைய மதிப்பீட்டையும் கலந்தே தொடங்குகிறார். ஆட்டங்கள் சேரச் சேர அதன் எடை குறையும். ஓக்லஹோமாவின் டிரே யங் 2017 டிசம்பரில் நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு எதிராக 22 அசிஸ்ட் கொடுத்து தேசியச் சாதனையைச் சமன் செய்தார். வலுவான அணிகளோடு மோதத் தொடங்கியபின் அவருடைய அணி தொடர்ந்து தோற்று, 18 வெற்றி 14 தோல்வியோடு முடித்தது. ஆனாலும் அவர் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் சராசரியுடன் இரண்டிலும் நாட்டில் முதலிடம் பிடித்தார். அதற்கு முன் எவரும் அப்படிச் செய்ததில்லை. தொடக்க எண்கள் அணியைப் பற்றித் தவறாகவும் ஆளைப் பற்றிச் சரியாகவும் சொல்லியிருந்தன.

இன்றைய நிலை

2021 முதல் வீரர்கள் ஓராண்டு ஒதுங்கியிருக்காமல் கல்லூரி மாறலாம், தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம் என்பதால், இந்த எண்களைப் பிற கல்லூரிகளும் படிக்கின்றன. மகளிர் ஆட்டத்திலும் இதே கணக்குகள் பயன்படுகின்றன.