ஜுதரீயும் ஹஸ்பாவும்: அர்ராஸீ பிரித்தறிந்த இரு அம்மைகள்

கல்வியில் நாட்டமுள்ள பெருமகனார் ஒருவரின் இல்லத்தில் ஓர் இரவு கூடிய அவையில் அம்மை நோய் பற்றிய பேச்சு எழுந்தது. அங்கிருந்த மருத்துவர் தாம் அறிந்தவற்றை எடுத்துரைத்தார். அதனை ஒரு நூலாக எழுதித் தருமாறு இல்லத் தலைவர் வேண்டினார். 'கிதாப் ஃபில் ஜுதரீ வல்ஹஸ்பா' என்னும் சிறு நூல் பிறந்த வரலாற்றை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (ஹி. 251–313, கி.பி. 865–925) அதன் முன்னுரையில் இவ்வாறு கூறுகிறார். ரய் நகரில் பிறந்து, அந்நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் அவர். ஜுதரீ என்பது பெரியம்மை; ஹஸ்பா என்பது நாம் தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் வழங்குவது.

அம்மை நோயைக் கண்டுபிடித்தவரே அர்ராஸீதான் என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று, அவருக்கு அப்புகழ் தேவையுமில்லை. யானை ஆண்டில்தான் அரபு மண்ணில் இவ்விரு நோய்களும் முதன்முதலாகக் காணப்பட்டன என்றொரு செய்தியை இப்னு இஸ்ஹாக் தமது சீறா நூலில் பதிந்துள்ளார். ஆகவே ஜுதரீ, ஹஸ்பா என்னும் இரு பெயர்களும் அர்ராஸீக்கு முன்பே அரபு நாவில் புழங்கியவை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த அஹ்ரூன் என்னும் பாதிரியார் அவருக்கு முன்னரே ஜுதரீ பற்றி எழுதியவர். அவர் கூற்றுகளை அர்ராஸீயே தமது 'அல்ஹாவீ'யில் எடுத்தாள்கிறார்.

அவருடைய காரண விளக்கமும் இன்று நிற்காது. குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு போன்றது. அது பொங்கி நொதித்து முதிரும்போது வெளிப்படுவதே ஜுதரீ. ஆதலால்தான் அநேகமாக எந்தக் குழந்தையும் அதற்குத் தப்புவதில்லை என்றார். பித்தம் மிகுந்த இரத்தத்தினின்று ஹஸ்பா தோன்றுவதாகக் கருதினார். இரண்டும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை என்பதை அறிய அக்காலத்தில் வழியில்லை. ஆயினும் கோட்பாட்டில் பிழைத்தவர் நோயாளியின் படுக்கையருகே பிழைக்கவில்லை. அங்கேதான் அவர் பெருமை இருக்கிறது.

கொப்புளம் தோன்றும் முன்பே நோயை அடையாளம் காண வேண்டும் என்பது அவர் நோக்கம். விடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிட்டு அஞ்சுதல் ஆகியவற்றை ஜுதரீயின் முன்னறிகுறிகளாகச் சொல்கிறார். முதுகுவலி ஜுதரீக்கே சிறப்பாக உரியது. அமைதியின்மை, குமட்டல், மனக்கலக்கம் ஆகியவை ஹஸ்பாவில் மிகுதி என்று பிரித்துக் காட்டுகிறார். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ நூல்களும் பெரியம்மையின் தொடக்கக் குறிகளில் கடும் முதுகுவலியைச் சேர்த்தே எழுதின. கொப்புளங்கள் வெண்மையாய், தனித்தனியாய், எளிதில் எழும்பினால் நோய் தணிந்துவிடும்; நெருங்கி ஒன்றோடொன்று கலந்தாலும், பச்சை அல்லது கருநீல நிறம் கொண்டாலும் ஆபத்து; வெளிப்பட்ட ஹஸ்பா திடீரென உள்ளடங்கி மயக்கம் தொடர்ந்தால் மரணம் அண்மையில் என்பன அவருடைய கணிப்புகள்.

குறி தென்பட்டதும் முதலில் கண்களைக் காக்க வேண்டும், பின்னர் தொண்டையை, அதன்பின் மூக்கு, காது, மூட்டுகளை என்று அவர் வகுத்த வரிசை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிழைத்தெழுந்த பிள்ளைகள் பார்வையிழந்து நின்றதை அவர் காலம் நன்கறியும். இன்றும், வைட்டமின் 'ஏ' குறைந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால் பார்வை பறிபோகக்கூடும்.

தமிழில் 'அம்மை' என்னும் ஒரே சொல் மூன்று நோய்களைச் சுமக்கிறது. அவற்றுள் சின்னம்மையைப் பெரியம்மையினின்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் 1767இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மை ஒழியவில்லை. 2023இல் மட்டும் உலகெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை அது கவர்ந்ததாக மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள், கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் முதலில் தோன்றும். இப்புள்ளிகளை 1896இல் விவரித்தவர் நியூயார்க் மருத்துவர் ஹென்றி காப்லிக். அதன் பின்னரே காதின் பின்புறத்திலும் நெற்றியோரத்திலும் தடிப்பு தொடங்கிக் கீழிறங்கும். சின்னம்மையிலோ நீர்க்கொப்புளங்கள் உடலின் நடுப்பகுதியில் மிகுந்து, புதியதும் காய்ந்ததும் ஒருங்கே காணப்படும்.

தடிப்பைச் 'செந்நிறம்' என்றே நூல்கள் எழுதுகின்றன. நம் பிள்ளைகளின் மாநிற, கருநிற மேனியில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதோடு விரலால் தடவியும் அறிய வேண்டும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குப் பரவுவதால், கண்டபின் காப்பது தாமதமே. ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒரு முறையும், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள் மறுமுறையும் இங்கே தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. 2017இல் தமிழகத்தில் அதற்கென இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் சிலர் பின்வாங்கினர். அர்ராஸீயின் பெயரைப் பெருமையோடு சொல்லும் இல்லங்களும் அவற்றில் இருந்திருக்கலாம் என்பது நமக்கு உறுத்துகிறது.

ஜுதரீ நூலின் அரபு மூலம் 1766இல் லத்தீன் பெயர்ப்புடன் லண்டனில் அச்சேறியது. கிரீன்ஹில் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 1848இல் வந்தது. அர்ராஸீயின் பெயரில் வழங்கும், குழந்தை நோய்களுக்கென்றே அமைந்த இன்னொரு சிறு நூலுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. குழந்தையின் தலையிலும் முகத்திலும் பொருக்குத் தட்டும் 'ஸஅஃபா' என்னும் சிரங்கு பற்றியது அதன் முதல் இயல். நம் தாய்மார் அன்றாடம் காணும் தோல்நோய் அது. அந்நூல் லத்தீனிலும் ஹீப்ருவிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அரபு மூலம் கிடைக்கவில்லை.