பார்ட்லியும் புகானனும்: அமெரிக்க வலதுசாரியின் இரு பொருளாதாரங்கள்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் இன்றைய பொருளாதாரக் கொள்கைக்குள் ஒரு பெரிய முரண் இருக்கிறது. 2017-இல் கம்பெனிகளின் வருமான வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது டிரம்ப் அரசு. அடுத்த ஆண்டே அதே அரசு இறக்குமதியாகும் உருக்குக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி விதித்தது. வரி என்றாலே பொருளாதாரத்துக்குக் கேடு என்று சொல்லும் கட்சி, இறக்குமதி வரியை மட்டும் மருந்தாக நினைப்பது எப்படி?

இந்த இரண்டு நம்பிக்கைகளும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. இரண்டையும் வளர்த்ததில் பத்திரிகை எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்றை ஊட்டி வளர்த்தவர் ராபர்ட் பார்ட்லி, மற்றொன்றை பாட்ரிக் புகானன். இவர்களை அருகருகே வைத்துப் படித்தால், கடந்த அரை நூற்றாண்டு அமெரிக்கத் தேர்தல்களில் பொருளாதாரம் எப்படிப் பேசப்பட்டது என்பதும், எங்கே தவறியது என்பதும் தெளிவாகும்.

ஒரே பாசறை

பார்ட்லி 1937-இல் மின்னசோட்டாவில் பிறந்து அயோவாவில் வளர்ந்தவர். 1972-இல், 35 வயது நிரம்பும் முன்பே, 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழின் தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பேற்று, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அதை நடத்தினார். 1980-இல் தலையங்க எழுத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். எந்தத் தேர்தலிலும் அவர் நின்றதில்லை.

புகானன் 1938-இல் தலைநகர் வாஷிங்டனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். செயின்ட் லூயிஸ் நகரில் தலையங்க எழுத்தாளராகத் தொடங்கி, நிக்சனின் உரைகளை எழுதி, ரீகனின் வெள்ளை மாளிகையில் தகவல் தொடர்பு இயக்குநராக இருந்தவர். நாடெங்கும் பல நாளிதழ்களில் பத்தி எழுதினார். சிஎன்என் தொலைக்காட்சியின் 'கிராஸ்ஃபயர்' விவாத நிகழ்ச்சியில் அன்றாடம் வாதாடினார். 1992, 1996, 2000 என மூன்று முறை அதிபர் பதவிக்கும் போட்டியிட்டார்.

இருவரும் கம்யூனிசத்தை எதிர்த்தவர்கள், ரீகனைக் கொண்டாடியவர்கள். புதிய வரி கிடையாது என்று 1988-இல் வாக்குக் கொடுத்துவிட்டு, 1990 பட்ஜெட் உடன்பாட்டில் உச்ச வருமான வரியை 28 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக உயர்த்திய மூத்த புஷ்ஷை இருவரும் கடுமையாகச் சாடினார்கள். இந்த இடம்வரை இவர்களுக்குள் வேறுபாடு காண்பது கடினம்.

நாப்கினும் காகித ஆலையும்

பார்ட்லியின் பொருளாதாரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அவருடைய பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஜூட் வானிஸ்கி, 1974-இல் வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபரோடும், அப்போது வெள்ளை மாளிகையில் பணியாற்றிய டிக் செனியோடும் உணவருந்தினார். வரிவிகிதம் ஓர் அளவுக்கு மேல் போனால் அரசுக்கு வருமானம் குறையும் என்பதை விளக்க, லாஃபர் ஒரு நாப்கினில் வளைகோடு வரைந்து காட்டினாராம். லாஃபருக்கே அது சரியாக நினைவில்லை. ஆனாலும் அந்த வளைகோட்டுக்கு லாஃபரின் பெயரைச் சூட்டி வானிஸ்கி எழுத, பார்ட்லியின் தலையங்கப் பக்கம் அதை ஒரு கட்சியின் கொள்கையாகவே மாற்றிவிட்டது. ரீகன் பதவியேற்ற 1981-இல் 70 சதவீதமாக இருந்த உச்ச வரி, அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது 28 சதவீதம்.

புகானனின் திருப்பம் ஓர் ஆலை வாசலில் நிகழ்ந்தது. 1991 டிசம்பர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடி. புஷ்ஷை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டுப் போனவர், ஒரு காகித ஆலைக்கு வந்து சேர்ந்தார். அன்றுதான் ஆட்குறைப்புச் செய்தி வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆலை வழங்கும் வான்கோழியை வாங்க வரிசையில் நின்ற தொழிலாளர்களிடம் கைகுலுக்க அவர் கை நீட்டினார். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, எங்கள் வேலையைக் காப்பாற்றுங்கள் என்றார். அதன் பிறகு, மெக்சிகோவில் ஒரு காகித ஆலை அமைக்க அமெரிக்க அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியே நிதி உதவுவதாகப் படித்தது தன்னை உலுக்கியது என்று புகானன் பின்னர் எழுதினார். அதுவரை அவரும் தடையற்ற வணிகத்தை ஆதரித்தவர்தான். 1998-இல் வெளியான 'தி கிரேட் பிட்ரேயல்' நூலில் அதற்கு நேர்மாறான நிலையை முழுமையாக வகுத்தார்.

பார்ட்லியின் கண்ணில் பட்டவர் நாளைக்கு முதலீடு செய்யப்போகிறவர். புகானன் கண்டது இன்று வேலை இழந்து நிற்பவரை. இவர்களுடைய மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த இரண்டு பார்வைகளிலிருந்து கிளைத்தவையே.

ஒரே தோல்விக்கு இரு விளக்கம்

1992 தேர்தல் இருவரையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்தியது. நியூ ஹாம்ப்ஷயரில் பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து 37 சதவீத வாக்கு வாங்கினார் புகானன். நவம்பரில் புஷ் கிளிண்டனிடம் தோற்றார். சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ 18.9 சதவீதம் அள்ளிக்கொண்டு போனார்.

வரி வாக்குறுதியை மீறியதே புஷ்ஷின் வீழ்ச்சிக்குக் காரணம் என்பது பார்ட்லி தரப்பின் தீர்ப்பு. அதே ஆண்டு வெளிவந்த 'தி செவன் ஃபேட் இயர்ஸ்' நூலில், 1982 இறுதி முதல் 1990 வரையிலான செழிப்பை அவர் விரித்துரைத்தார். அந்த வாதத்துக்கு ஆதாரம் உண்டு. அந்தக் காலத்தில் சுமார் 2 கோடி வேலைகள் கூடின. 1980-இல் 13 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் அடங்கியது. ஆனால் அந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. பணவீக்கத்தை அடக்கியது பெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்கரின் கடும் வட்டி. அதற்கு விலையாக 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. ரீகன் ஆட்சியில் அரசின் கடனும் ஏறக்குறைய மூன்று மடங்கானது.

புகானன் வரியோடு நிற்கவில்லை. ஆலைகள் மூடப்படுவதையும், கட்சித் தலைமை அதைக் காணாமல் இருப்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்த இடத்தில் அவருடைய செவி கூர்மையானது. பொருளாதார அறிஞர்களின் கணக்கில் மந்தநிலை 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆனால் வேலையின்மை ஏறிக்கொண்டேபோய் 1992 ஜூனில்தான் 7.8 சதவீத உச்சத்தை எட்டியது. வாக்காளர் அந்த இரண்டாவது கணக்கை வைத்தே தீர்ப்பளித்தார்.

இரண்டு வரலாறுகள்

இருவரும் வாதத்துக்கு வரலாற்றைத் துணைக்கழைத்தார்கள். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்கே இறக்குமதி வரிகளை உயர்த்திய ஸ்மூட்-ஹாலி சுங்கச் சட்டம்தான் காரணம் என்று வானிஸ்கி வாதிட்டார். சட்டம் 1930-இல் நிறைவேறியது என்றாலும், அது வரப்போகிறது என்று தெரிந்தே சந்தை சரிந்ததாம். அந்த ஒற்றைக் காரணத்தை ஏற்கும் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் மிகச் சிலரே. புகானன் இன்னும் பின்னால் போனார். ஹாமில்டன், லிங்கன், மெக்கின்லி என்று சுங்கவரியை ஆதரித்தவர்களை வரிசையாக நிறுத்தி, குடியரசுக் கட்சி பிறந்ததே பாதுகாப்பு வரிக் கட்சியாகத்தான் என்று நினைவூட்டினார். கட்சி பிறந்தது அடிமைமுறையின் பரவலை எதிர்த்துத்தான்; ஆனால் நெடுங்காலம் அது பாதுகாப்பு வரிக் கட்சியாக இருந்தது உண்மை. அமெரிக்கா தொழில்மயமானதற்கு அந்த வரிதான் முதற்காரணம் என்று அவர் அடுத்து எடுத்துவைத்த அடிதான் பலவீனமானது. பரந்த உள்நாட்டுச் சந்தையும் கனிம வளமும் வந்து குவிந்த குடியேறிகளும் அந்தக் கதையில் இல்லாமல் போய்விடுகின்றன.

ரீகனுக்கும் இருவரும் உரிமை கொண்டாடலாம். கனடாவோடு தடையற்ற வணிக உடன்பாடு கண்டவர் ரீகன். ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தைக் காக்க 1983-இல் பெரிய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மீது 45 சதவீதக் கூடுதல் வரி போட்டவரும் அவரே. பார்ட்லி முதல் ரீகனையும் புகானன் இரண்டாம் ரீகனையும் எடுத்துக்கொண்டார்கள்.

காலம் வைத்த பரீட்சை

இரண்டு கருத்துகளும் பிறகு சோதனைக்கு உள்ளாயின. 1993-இல் கிளிண்டன் உச்ச வரியை 39.6 சதவீதமாக்கியபோது, அது பொருளாதாரத்தைச் சாய்க்கும் என்று பார்ட்லியின் பக்கம் எச்சரித்தது. நடந்தது நேரெதிர். நீண்ட வளர்ச்சி வந்தது. 1998 முதல் 2001 வரை பட்ஜெட்டில் உபரியே இருந்தது. 70 சதவீதத்தைக் குறைப்பதற்குப் பொருந்திய வாதம், 31 சதவீதத்தை உயர்த்தும்போதும் அப்படியே பொருந்தும் என்று நம்பியது பிழை.

சீனா விஷயத்தில் புகானனின் எச்சரிக்கை பலித்தது. 2000-இல் சீனாவுக்கு நிரந்தர வணிக உரிமை தரும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 237-க்கு 197 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000-இல் சுமார் 1.7 கோடியாக இருந்த தொழிற்சாலை வேலைகள் 2010-இல் 1.15 கோடி அளவுக்குச் சரிந்தன. இயந்திரமயமாதலுக்கும் 2008 நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் ஆகியோரின் ஆய்வுகள், சீன இறக்குமதியின் அடி சில ஊர்களில் குவிந்து விழுந்ததையும் அந்த ஊர்கள் நெடுநாள் எழவில்லை என்பதையும் காட்டின. வேலை இழந்தவர் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்பார் என்ற தடையற்ற வணிகத்தின் அனுமானம் அங்கே உடைந்தது.

நோயைச் சரியாகச் சொன்ன புகானனின் மருந்து பலித்ததா? 2018-இல் இறக்குமதி வாஷிங் மெஷின்கள் மீது போட்ட வரியைப் பார்க்கலாம். விலை ஏறக்குறைய 12 சதவீதம் ஏறியது. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் கடைகளில் இரண்டும் ஜோடியாக விற்பவை. சுமார் 1,800 வேலைகள் உருவாயின. ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் கொடுத்த விலை 8 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள் அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள். இந்த இடத்தில் பார்ட்லியின் பள்ளி சொன்னது சரி: இறக்குமதி வரியும் வரிதான், அதைக் கட்டுபவர் கடைக்குப் போகும் சாமானியர்.

எல்லையில் நிற்பவர்

குடியேற்றத்தில் இருவரும் இரு துருவங்கள். எல்லைகள் திறந்திருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தையே திருத்தலாம் என 1984-இல் பார்ட்லியின் பக்கம் எழுதியது. புகானன் குடியேற்றத்தையே நிறுத்திவைக்கச் சொன்னார். இது நமக்கு அந்நியமான விவாதம் அல்ல. 1990 குடியேற்றச் சட்டம் உருவாக்கிய எச்-1பி விசாவில் போய் அங்கே குடும்பமாக வேரூன்றிய தமிழர்கள் ஏராளம். ஆலைத் தொழிலாளியின் நியாயமான கோபத்தைப் புகானன் கேட்டார். ஆனால் அதை வெளியிலிருந்து வந்தவர் மேல் திருப்பிவிட்டார். அவருடைய யூத வெறுப்புப் போக்கை வலதுசாரிகளின் மூத்த ஆசிரியர் வில்லியம் பக்லியே நீண்ட கட்டுரையில் ஆராய்ந்து கண்டித்தார். இந்தக் கறையை அவருடைய பொருளாதாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நாட்டுக்கு உரியவர் யார் என்பதில் அவர் வரைந்த கோடு குறுகியது. அவருடைய பரிவும் அந்தக் கோட்டோடு நின்றுவிட்டது.

வாக்குப் பெட்டியில் வென்றது எது?

2000-இல் சீர்திருத்தக் கட்சி வேட்பாளராக நின்ற புகானனுக்கு 1 சதவீத வாக்குகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கட்சியின் வேட்பாளராக முயன்று, அவரைக் கடுமையாகத் தாக்கிவிட்டு விலகியவர் டொனால்ட் டிரம்ப். 16 ஆண்டுகள் கழித்து அதே டிரம்ப், புகானனின் வணிகக் கொள்கையோடு மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவை மொத்தமாக 80,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றினார். ஒபாமாவுக்கு இரு முறை வாக்களித்த மிச்சிகனின் மாகோம்ப் மாவட்டம், கார்த் தொழிலாளர்களின் மண், டிரம்ப் பக்கம் சாய்ந்தது. பார்ட்லி 2003-இல் மறைந்தார். அவர் வளர்த்த தலையங்கப் பக்கம் கொள்கை மாறவில்லை. 2025 தொடக்கத்தில் கனடா, மெக்சிகோ மீதான வரி அறிவிப்பை வரலாற்றிலேயே அறிவீனமான வணிகப் போர் என்று தலைப்பிட்டுக் கண்டித்தது.

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பது தேசிய சராசரி அல்ல, மாநிலங்கள். ஆகவே பொருளாதாரமும் அங்கே ஊர் ஊராகத்தான் வாக்காக மாறுகிறது. பார்ட்லியின் கணக்கு பெரும்பாலும் நேர்த்தியானது. ஆனால் அதில் ஊர் இல்லை. புகானனின் எழுத்தில் ஊர் இருந்தது, கணக்கு இல்லை. தடையற்ற வணிகத்தால் நாடு ஈட்டிய லாபத்தில் ஒரு பங்கை அடிபட்ட ஊருக்குத் திருப்பித் தர இருவருமே முன்வரவில்லை. அரசு கைகொடுப்பது பார்ட்லிக்குக் கொள்கைப்படி ஆகாது. புகானனுக்குச் சுங்கவரியே போதும். அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய முரண்பட்ட கொள்கை வந்து அமர்ந்திருக்கிறது: மேல்தட்டுக்கு ஒருவருடைய வரிக்குறைப்பு, கீழ்த்தட்டின் கோபத்துக்கு மற்றவருடைய சுங்கவரி.

பொருளாதாரம் பற்றித் தேர்தல் காலத்தில் எழுதும் எவருக்கும், அவர் எந்தப் பக்கத்தவராயினும், இந்த ஒப்பீடு ஒரு கடமையை விதிக்கிறது. நாட்டுக்கு வரும் லாபத்தைக் கூட்டிச் சொல்பவர், அதற்கு விலை கொடுக்கும் ஊரின் பெயரையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். ஊருக்காக வாதாடுபவர், தன் மருந்துக்குப் பணம் கட்டப்போவது யார் என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே சொல்ல வேண்டும்.