பெயரில்லாதவற்றின் பொருளடக்கம்

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நண்பனின் கவிதைகளைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவன் மனைவி கொடுத்த இரண்டு நோட்டுப் புத்தகங்களிலும், நின்றுபோன பத்திரிகைகளின் பழைய இதழ்களிலுமாகத் தேடிச் சேர்த்ததில் தேறியவை அறுபத்தொரு கவிதைகள். ஒன்றுக்கும் தலைப்பு கிடையாது. தலைப்பு வைப்பதை அவன் ஒரு கொள்கையாகவே மறுத்து வந்தவன். பத்திரிகைக்காரர்கள் வற்புறுத்தினால் மூன்று நட்சத்திரங்களைப் போட்டுக்கொள்ளச் சொல்வான்.

பக்கம் அமைத்த பெண் தொழில் தெரிந்தவர். இன்டிசைனில் வேலையை முடித்து முதல் புரூஃபை அனுப்பினார். ஐந்தாம் பக்கத்தில் 'பொருளடக்கம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே ஒரே ஒரு வரி. முன்னுரை, பிறகு வலது ஓரம் வரை புள்ளிகள், 7. அவ்வளவுதான். அந்த முன்னுரை நான் எழுதியது. நூற்று நாற்பத்துநான்கு பக்கப் புத்தகத்தில் மென்பொருளின் கண்ணில் பட்டது நான் மட்டுமே.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது எளிமையான விஷயம். இந்த மென்பொருள் எழுத்தைப் படிப்பதில்லை. ஒரு வரி தலைப்பா, உபதலைப்பா, உடலா என்று நாம்தான் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஸ்டைல் கொடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு இன்ன இன்ன ஸ்டைலில் உள்ளவற்றைப் பொறுக்கிப் பக்க எண்ணோடு அடுக்கு என்று கேட்டால் ஒரு நொடியில் அடுக்கித் தரும். தலைப்பு ஸ்டைல் என் முன்னுரைக்கு இருந்தது, அவன் கவிதைகளுக்கு இல்லை. எனவே மென்பொருளைப் பொறுத்தவரை அவை இல்லை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. பெயரிடப்பட்டதைத்தான் பட்டியல் காணும். பட்டியல் என்ற ஒன்று தோன்றிய நாளிலிருந்தே அப்படித்தான் என்பதும், யார் பெயரிடுவது என்பதை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டது என்பதும் இந்த ஒரு வரிப் பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்குப் புலப்பட்டன.

ரோமானிய எழுத்தாளன் பிளினி கி.பி. 77 வாக்கில் தன் 'இயற்கை வரலாறு' என்ற பெரும் நூலை, பின்னால் பேரரசனாக வந்த டைட்டஸுக்குச் சமர்ப்பித்தான். முப்பத்தேழு புத்தகங்கள். அவற்றில் முதல் புத்தகம் முழுவதுமே பொருளடக்கம்தான். அரசாங்க வேலைகளில் மூழ்கியிருப்பவர் இத்தனையையும் படிக்க வேண்டியதில்லை, மற்றவர்களும் வேண்டியதை மட்டும் தேடிக்கொள்ளலாம், அதற்காகவே இந்தப் பட்டியல் என்று முகவுரையில் சொல்லிவிடுகிறான். இது தன் கண்டுபிடிப்பு அல்ல, வலேரியஸ் சொரானஸ் தனக்கு முன்பே செய்தது என்றும் ஒப்புக்கொள்கிறான். பொருளடக்கம் படிக்காதவனுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆசிரியன் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் விஷயங்களை வரிசைப்படுத்தி, அதில் இத்தனை தகவல்கள் உள்ளன என்று எண்ணிக்கை கொடுத்து, எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து எடுத்தேன் என்று பெயர்களையும் போடுகிறான். ஆனால் பக்க எண் இல்லை. இருக்க முடியாது. அது பாப்பிரஸ் சுருள், பக்கமே கிடையாது. யானையைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் எட்டாவது புத்தகம் என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு சுருளைப் பிரித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஆயிரம் வருஷங்களுக்கு மேல் கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் பீட்டர் லொம்பார்ட் என்ற இறையியல் ஆசிரியர் தன் 'வாக்கியங்கள்' நூலுக்கு முன்னால் அத்தியாயத் தலைப்புகளை வரிசையாக வைத்தார். தேடுவது சுலபமாகக் கிடைக்கட்டும் என்பதே அவர் சொன்ன காரணமும். அப்போது சுருள் போய்த் தைத்த ஏடு வந்துவிட்டது. தாள்கள் இருந்தன. அப்போதும் பட்டியலில் பக்க எண் இல்லை. காரணம் சின்னது, ஆனால் இன்றைக்கும் பொருந்துவது. கையால் பிரதி செய்யும் காலத்தில் ஒரு நூலின் இரண்டு பிரதிகளில் ஒரே வாசகம் ஒரே தாளில் விழுவது அபூர்வம். ஒருவன் எழுத்து சிறியது, இன்னொருவன் எழுத்து பெரியது. நம் ஓலைச்சுவடிகளிலும் ஏட்டெண் உண்டு; அது அந்தச் சுவடிக்கு மட்டுமே சொந்தம். பக்க எண் நூலுக்கு உரியதல்ல, பிரதிக்கு உரியது. எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல இருக்கும் என்ற நிலை அச்சு வந்த பிறகுதான் ஏற்பட்டது. கொலோன் நகரில் ஆர்னால்டு தெர்ஹோர்னென் 1470-ல் ஒரு பிரசங்கச் சிறுநூலின் தாள்களுக்கு எண்ணை அச்சிட்டார். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1499-ல் வெளியிட்ட பெரோட்டியின் 'கார்னுகோப்பியா'வில் பக்கத்துக்கும் எண், வரிக்கும் எண். சொல்லடைவிலிருந்து நேராக வரிக்கே போய்விடலாம்.

இந்த ஆல்டஸின் பெயரைத்தான் சியாட்டிலில் பால் பிரெயினெர்ட் 1984-ல் தொடங்கிய தன் கம்பெனிக்கு வைத்தார். அடுத்த வருஷம் வந்த பேஜ்மேக்கர் நம் ஊர் அச்சுத் தொழிலையே புரட்டிப்போட்டது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இதில் பலர் சொந்தமாகப் பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். ஆனால் ஆல்டஸ் பெயரைத் தாங்கிய அந்த மென்பொருளுக்கு ஆரம்பத்தில் பொருளடக்கம் போடத் தெரியாது. 1990-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. அதுவரை கணினியில் அமைத்த புத்தகத்துக்கும் கையால்தான் எண் போட வேண்டும். நான் பேஜ்மேக்கரில் அடித்த முதல் புத்தகத்தில் பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சகத்தில் கம்பாசிட்டர் செய்ததும் அதையேதான்.

எழுபதுகளில் எங்கள் பத்திரிகையைக் கோத்த கம்பாசிட்டர் 'உள்ளே' பகுதியைக் கடைசி ஃபாரத்துக்கு நிறுத்தி வைப்பார். உள்ளடக்கம் அச்சாகி முடியாமல் எது எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? முதலில் வருவது கடைசியில் அச்சாகும். பழைய புத்தகங்களில் முன்பக்கங்களுக்கு மட்டும் ரோமன் எண் தனியாக ஓடுவதற்கும் இந்தப் பின்வரிசைதான் காரணம். புள்ளிகளைக் கோக்கும்போது மட்டும் அவர் யாரோடும் பேச மாட்டார்.

கணினி இந்தப் பின்வரிசையை ஒழித்துவிடவில்லை, உள்ளே மறைத்துக்கொண்டது. அமெரிக்கக் கணித அறிஞர் டொனால்டு கனூத் 1977-ல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து, எழுத்தின் அசிங்கம் பொறுக்காமல், தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். அதன் மேல் லெஸ்லி லம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். அதில் ஒரு புத்தகத்தை ஓட்டினால் முதல் ஓட்டத்தில் பொருளடக்கம் வராது. மென்பொருள் தலைப்புகளையும் பக்க எண்களையும் ஒரு தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை ஓட்டும்போது அந்தக் குறிப்பைப் படித்து முன்னால் போடும். போட்ட பட்டியலே இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டால் பின்னால் உள்ளவை நகர்ந்து எண்கள் பொய்யாகிவிடும், மூன்றாம் முறை ஓட்ட வேண்டும். கம்பாசிட்டரின் கடைசி ஃபாரம் இங்கே இரண்டாம் ஓட்டமாகிவிட்டது. இன்டிசைனிலும் நாம் 'அப்டேட்' என்று சொல்லாதவரை பட்டியல் பழைய எண்களோடே நிற்கும். பட்டியலில் கையால் ஒரு திருத்தம் செய்தால் அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். திருத்த வேண்டுமென்றால் உள்ளே போய் மூலத்தில்தான் திருத்த வேண்டும். இது ஒரு நல்ல நியதி என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் பதிப்பாசிரியர்கள் சிலருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

மின்னூலில் கதை மறுபடி பிளினியிடம் போய்விட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் மாறும். எனவே பட்டியலில் எண் கிடையாது, பெயரைத் தொட்டால் இடம் வரும். பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த நிபந்தனையில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். மேற்கே தேடியதில் எனக்கு உதவி கிடைக்கவில்லை. பிளினியும் லொம்பார்டும் பெயரிட்டது தகவல்களுக்கு, வாதங்களுக்கு. யானை என்றால் யானை. கவிதைக்கு அப்படிச் சொல்ல முடியாது. நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் முன்னால் நிற்கும் பதிகம் முப்பது காதைகளின் பெயர்களையும் செய்யுளிலேயே அடுக்கி, இறுதியில் முப்பது என்று எண்ணிக் கட்டிவிடுகிறது. பிற்காலத்தவர் சேர்த்தது என்பது பலரின் கருத்து, இருக்கலாம். எனக்குக் கவனம் போனது அந்த எண்ணிக்கையின் மேல். பக்க எண் இல்லாத பட்டியலுக்கு அது பூட்டு. ஏடு ஒன்று தவறினாலும் எண்ணிப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

இதைவிட எனக்கு நெருக்கமானது பதிற்றுப்பத்து. தொகை நூல்களில் பாட்டுக்குப் பாட்டு தலைப்பு உள்ளது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 'புண்ணுமிழ் குருதி' என்பது போன்ற அந்தப் பெயர்கள் வெளியிலிருந்து வரவில்லை. பாட்டுக்குள்ளேயே கிடக்கும் ஒரு தொடரைத் தூக்கிப் பெயராக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் வரும் பதிகத்தில் அந்தப் பத்துப் பெயர்களும் வரிசையாக உண்டு. பொருளடக்கம் பின்னால் நிற்கிறது, படித்து முடித்தவனுக்காக. உ.வே. சாமிநாதையர் 1904-ல் அச்சிட்ட பதிப்போடு ஒரு பழைய உரையும் வந்தது. அந்த உரைகாரர், இன்ன சிறப்பால் இந்தப் பாட்டுக்கு இந்தப் பெயர் ஆயிற்று என்று பாட்டுக்குப் பாட்டு காரணம் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு தொடரைப் பிடுங்கித் தலையில் வைத்ததற்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்றுப் பதில் சொல்கிறார். நம் நவீன விமரிசனம் தலைப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

நான் அவனுடைய கவிதைகளிலிருந்து அப்படி அறுபத்தொரு தொடர்களை எடுத்துப் பார்த்தேன். முதல் பத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தது. பிறகு, எனக்குப் பிடித்த தொடர் இது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

பக்கம் அமைத்த பெண் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கவிதைக்கும் மேலே அதன் முதல் இரண்டு மூன்று சொற்களைத் தலைப்பு ஸ்டைலில் அடித்து, அவற்றைத் தனி லேயரில் வைத்து, அந்த லேயரை மறைத்துவிடலாம். மறைந்திருப்பதையும் சேர்த்துக்கொள் என்று பட்டியலுக்குச் சொல்ல அதில் வசதி உண்டு. அச்சில் கவிதை தலைப்பில்லாமல்தான் வரும். பொருளடக்கத்தில் மட்டும் பெயர் இருக்கும். அந்த ஸ்டைலுக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டார். 'இல்லாத தலைப்பு' என்றேன்.

மூன்று பக்கம் வந்தது. எண்கள் எல்லாம் நகர்ந்தன, மறுபடி அப்டேட் செய்தார். படித்துப் பார்த்தபோதுதான் வினையே. மேலிருந்து கீழாக அந்த முதற்சொற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு கவிதையைப் போல நின்றன. மோசமான கவிதையும் அல்ல. அறுபத்திரண்டாவது. அவன் எழுதாதது, என் வரிசையில் விழுந்ததால் உண்டானது. இதை அவன் பெயர் போட்ட புத்தகத்தில் எப்படி முதலில் வைப்பது?

எடுத்துவிடச் சொன்னேன். முன்னால் பொருளடக்கமே வேண்டாம், பின்னால் பழைய பதிப்புகளில் வருவது போலப் பாட்டு முதற்குறிப்பு அகராதி மட்டும் போதும். அகரவரிசை என்னுடையதல்ல, மொழியினுடையது. என் முன்னுரையையும் பின்னால் தள்ளி, அதன் ஸ்டைலையும் மாற்றிவிட்டேன். வரிசைப்படுத்துவதை மென்பொருளிடம் விட மனம் வரவில்லை. தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் ஓடிய நாட்களில், கொம்பை முன்னால் தட்டியதால் 'கெ'யில் தொடங்கும் சொற்கள் கூட்டமாக எங்கோ போய் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. இன்றைக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று அந்தப் பெண் சொல்லியும் கேட்கவில்லை. சீட்டுகளில் எழுதி, தரையில் பரப்பி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே அடுக்கினேன்.

புத்தகம் வந்தது. அவன் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைப் பிரித்து விரலை வைத்துக்கொண்டே போனார். நோட்டில் கடைசியாக இருந்த கவிதை இதில் இல்லையே என்றார். இருக்கிறது, 139-ஆம் பக்கம் என்று பிரித்துக் காட்டினேன். பட்டியலில்தான் இல்லை. எண்ணிப் பார்த்தேன், அறுபது. வீட்டுக்கு வந்து தேடியபோது சீட்டு மேஜைக்கடியில் கிடந்தது. மறுநாள் போய் அவருடைய பிரதியில் மட்டும், அது வர வேண்டிய இடத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே, பென்சிலால் சின்னதாக எழுதிக் கொடுத்தேன்.