வால்சால்வா குழிவு வீக்கமும் இதயத் துடிப்புக் கோளாறுகளும்

பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் அடிப்பகுதியில், வால்வின் மூன்று இதழ்களுக்கு எதிரே மூன்று குழிவுகள் உள்ளன. இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் (1666–1723) பெயரால் இவை வழங்குகின்றன. இவற்றில் ஒன்றின் சுவர் நலிந்து பைபோல் புடைப்பதே வால்சால்வா குழிவு வீக்கம் (அனியூரிசம்). அரிய நோய்தான், ஆனால் மேலைநாட்டினரைவிட ஆசியரிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

பெருந்தமனிச் சுவரின் நடு அடுக்கும் வால்வின் நார்வளையமும் பிறவியிலேயே சரிவர இணையாமல் போவது முக்கியக் காரணம். மார்ஃபான் நோய், சிபிலிஸ், இதய உள்ளுறைத் தொற்று ஆகியவற்றாலும் பின்னாளில் ஏற்படலாம். பெரும்பாலானவை வலது குழிவில் தோன்றும். அடுத்தபடியாக, இதயத் தமனி எதுவும் கிளம்பாத பின்புறக் குழிவில். இடது குழிவில் மிக அரிது.

வீக்கம் வெடித்து வலது இதய அறைகளுக்குள் ரத்தம் பாய்ந்தால் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். வெடிக்காத வீக்கமோ பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். சிலரிடம் துடிப்புக் கோளாறே அதன் முதல் அறிகுறி.

காரணம் குழிவுகள் இருக்கும் இடத்தின் அமைப்பில் இருக்கிறது. வலது குழிவும் பின்புறக் குழிவும் சந்திக்கும் இடத்துக்கு நேர்கீழே, கீழறைகளைப் பிரிக்கும் தடுப்பின் சவ்வுப் பகுதி உள்ளது. அதன் கீழ் விளிம்பை ஒட்டியே, 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் விவரித்த மின்கடத்துக் கற்றை செல்கிறது. மேலறையின் மின்தூண்டல் கீழறைக்கு இறங்க இயல்பான வழி இது ஒன்றுதான். சில மில்லிமீட்டர் பருமனே உள்ள இந்தக் கற்றையை, வீங்கிய குழிவு அழுத்தலாம். அல்லது தடுப்புச் சுவருக்குள்ளேயே பிளந்துகொண்டு இறங்கிச் சிதைக்கலாம்.

தொடக்கத்தில் இசிஜியில், தூண்டல் மேலறையிலிருந்து கீழறையை அடையும் நேரத்தைக் காட்டும் பிஆர் இடைவெளி, இயல்பு வரம்பான 0.20 விநாடியைத் தாண்டும். கற்றையின் கிளை ஒன்றில் தடை தெரியலாம். பாதிப்பு முற்றினால் முழு மின்கடத்தல் தடை, அதாவது ஹார்ட் பிளாக். அப்போது இசிஜி தாளில் மேலறை அலைகள் நிமிடத்துக்கு 80 என்று தம்போக்கில் வர, கீழறை அலைகள் 35, 40 என்று தனியாக வரும். இரண்டுக்கும் தொடர்பே இராது. நோயாளிக்குத் தலைசுற்றும்; திடீரென மயங்கி விழுவார். சிலரிடம் இதற்கு நேர்மாறாகக் கீழறை மிகைத்துடிப்பு உண்டாகிறது. தசை உறுத்தப்படுவதாலோ, வீக்கம் இதயத் தமனியை நசுக்கி ரத்த ஓட்டத்தைக் குறைப்பதாலோ இது நேரலாம், உயிருக்கே ஆபத்தானது.

எக்கோ பரிசோதனையில் வீக்கம் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெளிவில்லாவிட்டால் உணவுக்குழாய் வழி எக்கோ, சிடி, எம்ஆர்ஐ உதவும். துடிப்புக் கோளாறை உண்டாக்கிய வீக்கத்தை, வெடிக்கும்வரை காத்திராமல் அறுவைசிகிச்சையால் மூடுவதே பொதுவான நடைமுறை. பெருந்தமனியைத் திறந்து, வீக்கத்தின் வாயை ஒட்டுத்துணி வைத்துத் தைப்பார்கள். வால்வு கசிந்தால் அதையும் சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள். அழுத்தம் நீங்கியதும் மின்கடத்தல் சிலருக்குத் திரும்புகிறது. கற்றை சிதைந்துபோனவர்களுக்குப் பேஸ்மேக்கர் நிரந்தரத் தேவை. கற்றைக்கு மிக அருகில் தையல் விழுவதால், சிகிச்சையாலேயே தடை புதிதாக உண்டாகும் வாய்ப்பும் உண்டு.

பேஸ்மேக்கர் துடிப்பைச் சீராக்கும்; வீக்கத்தை ஒன்றும் செய்யாது. அதனால், இளவயதில் காரணம் தெரியாமல் ஹார்ட் பிளாக் வந்தால், பேஸ்மேக்கர் பொருத்துவதற்கு முன் எக்கோவில் பெருந்தமனியின் அடிப்பகுதியைக் கவனித்துப் பார்த்துவிட வேண்டும்.